சமூகத் தணிக்கை

அரசுத் திட்டம் ஒன்றின் செலவுக் கணக்கை, அதில் வேலை செய்தவர்களும் பயன்பெற வேண்டியவர்களும் ஊர் கூடிக் கேட்டுச் சரிபார்க்கும் முறை சமூகத் தணிக்கை எனப்படுகிறது. இந்தியாவில் இம்முறை ராஜஸ்தானில், கூலிக்காக எழுந்த போராட்டத்திலிருந்து உருவானது.

வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு அங்கே குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. செய்த வேலை போதாது என்றார்கள் அதிகாரிகள். அளவு எழுதிய ஏட்டைக் கேட்டபோது, அது அரசு ரகசியம் என்று பதில் வந்தது. சென்னையில் பிறந்து, 1975இல் இந்திய ஆட்சிப் பணியைத் துறந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் உழைக்கும் மக்களோடு சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினர். அது முதலில் கூலி கேட்டது. பிறகு கணக்குக் கேட்டது.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. கூரையே போடாத பட்வாரி (கிராம நிலக் கணக்கர்) அலுவலகக் கட்டடம் கட்டி முடிக்கப்பட்டதாகப் பதிவேட்டில் இருந்தது. அடுத்தடுத்த ஊர்களில் வருகைப் பட்டியலை உரக்க வாசித்தபோது இறந்தவர்களும், பிழைப்புக்கு வெளியூர் போனவர்களும் கூலி வாங்கியதாகப் பட்டியல் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் பெயருக்கு எதிரே எழுதியிருப்பது பொய் என்று அங்கேயே எழுந்து சொல்ல முடிந்தது. எந்தத் தணிக்கை அலுவலரும் மேசையிலிருந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆவணங்களின் நகல் கேட்டு 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. 1997இல் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. ஆனால் அச்சட்டத்தில் விலக்குகள் மிகுதி. 2005இல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமும், நூறு நாள் வேலைக்கான சட்டமும் வந்தன. பின்னதன் 17ஆம் பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது.

ஆந்திரப் பிரதேசம் இதை 2006 முதல் பெரிய அளவில் நடத்தி, 2009இல் இதற்கெனத் தனிச் சங்கம் அமைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தணிக்கை நடக்க வேண்டும், தணிக்கைக்கு உதவுவோர் அதே ஊராட்சியில் குடியிருப்பவராக இருக்கக் கூடாது என்று ஒன்றிய அரசின் 2011ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. தமிழ்நாட்டுக்கான சங்கம் 2013இல் அமைந்தது. பல துறைத் திட்டங்களுக்கும் சேர்த்துச் சமூகத் தணிக்கைக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் மேகாலயா (2017).

தணிக்கையில் முறைகேடு வெளிப்பட்டாலும் பணம் திரும்ப வருவது குறைவு. தணிக்கைச் சங்கங்களுக்கான நிதி அரசிடமிருந்தே வருகிறது. அது தாமதமானால் தணிக்கையும் நின்றுபோகிறது. முறைகேடு செய்தவர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் கிராம சபையிடம் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட அலுவலர்களின் மேலதிகாரிகளிடமே அது இருக்கிறது. இம்முறையின் பெருங்குறை இதுவே.