வாசலில் இருந்த கொப்பி: களியாட்ட இடங்களும் தொற்றுக்காலப் பொறுப்பும்

2021 தைப்பொங்கலுக்கு 'மாஸ்டர்' படம் வந்தது. யாழ். நகரத் தியேட்டர் ஒன்றின் வாசலில் கை கழுவ ஒரு குழாய், வெப்பமானியோடு ஒரு பையன், மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி. பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எழுதிவிட்டுத்தான் உள்ளே போகலாம். நான் பெயரைச் சரியாக எழுதினேன். இலக்கத்தின் கடைசி எண்ணை மாற்றினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது.

படம் முடியும்போது முகக்கவசம் என் நாடிக்குக் கீழே இருந்தது. பின் வரிசையில் யாரோ இருமிக்கொண்டே விசில் அடித்தார்கள். மூன்று நாள் கழித்துக் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் பெரியம்மாவிடம் போனேன்.

அந்தக் கொப்பி பொலிஸாருக்கானதல்ல. படம் பார்த்த ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அதே காட்சியில் இருந்த மற்றவர்களைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தேடிப் பிடிப்பதற்கானது. முகக்கவசம், ஒரு மீற்றர் இடைவெளி ஆகியவற்றோடு, வேலைத்தலங்களுக்குள் வருவோரின் விபரங்களைப் பதிவதையும் 2020 ஒக்டோபர் 15 வர்த்தமானி கட்டாயமாக்கியது. அடிப்படைச் சட்டம் 1897 ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. ஆனால் பிழையான இலக்கம் எழுதியவனைப் பிடிக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. தேவைப்படும்போது யாருக்கோ அழைப்புப் போகும், அவ்வளவுதான்.

என் கை ஏன் அப்படிச் செய்தது என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. குடும்பப் பதிவு, குடும்பப் படம், சோதனைச் சாவடிப் புத்தகம் என்று பட்டியல்களோடு வளர்ந்தவர்கள் நாம். பட்டியலில் இருந்த பெயருக்கு என்ன நடந்தது என்பதும் தெரியும். போதாக்குறைக்கு, கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதியையே தலைவராக நியமித்தார்கள். தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்தியதும் படையினர்தான். காய்ச்சல் என்று சொன்னால் வாசலுக்கு வருவது அம்புலன்ஸா, பச்சை நிற வாகனமா என்று பயந்த வீடுகள் இங்கு ஏராளம். ஒரு நோய்த்தடுப்பு வேலைக்குச் சீருடை அணிவித்தது பெரும் பிழை என்பதே என் எண்ணம். ஆனால் வைரசுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. நான் மறைத்தது இராணுவத்திடமிருந்து அல்ல, பெரியம்மாவிடமிருந்து.

உண்மையான விபரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் முதல் தொற்றே உதாரணம். 2020 மார்ச் 15 அன்று அரியாலையில் நடந்த ஆராதனையில் சுவிஸிலிருந்து வந்த போதகர் கலந்துகொண்டார். மார்ச் 22 இல் மாவட்டத்தின் முதல் தொற்றாளர் அடையாளம் காணப்பட்டார். அவருக்குப் போதகரோடு தொடர்பு இருந்தது. தொடர்பு வைத்திருந்தவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள், அவர்களில் பலருக்குப் பின்னர் தொற்று உறுதியானது. அவர்கள் ஊருக்குள் நடமாடாததால் சங்கிலி அறுந்தது. அதே ஆட்களைச் சமூக வலைத்தளங்களில் நாம் எப்படித் திட்டினோம் என்பதும் நினைவிருக்கிறது. அடுத்த முறை காய்ச்சல் வந்தவர்கள் வாய் திறக்கத் தயங்கியதற்கு அந்தத் திட்டலும் ஒரு காரணம்.

தீவகத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 2020 ஒக்டோபரில், மினுவாங்கொடையில் வேலை செய்து ஊர் திரும்பிய ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் புங்குடுதீவு முடக்கப்பட்டது. ஒரு தொற்று, ஒரு தீவே வாசலை மூடியது. 1990களின் இடப்பெயர்வுக்குப் பிறகு இந்தத் தீவுகளில் பிள்ளைகள் பாரிஸிலும் ரொறன்ரோவிலும், வீட்டைக் காப்பது வயதானவர்கள். நயினாதீவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் படகில் குறிகட்டுவான், அங்கிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் வீதி வழியே யாழ். போதனா வைத்தியசாலை. நெடுந்தீவிலிருந்து கடற்பயணமே ஒரு மணித்தியாலம் அளவில். இரவில் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

(ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள கடற்கோட்டை ஆங்கிலேயர் காலத்தில் தொற்றுநோயாளரை வைத்த இடமாகவும் சிறையாகவும் இருந்தது. இன்று அது கடற்படை நடத்தும் உல்லாச விடுதி.)

களியாட்டம் என்றால் எல்லா இடமும் ஒரே ஆபத்து அல்ல. அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் என்ற இடத்தில், 2020 மார்ச் 10 இல் ஒரு பாடகர் குழு இரண்டரை மணித்தியாலம் மண்டபத்துக்குள் பாடிப் பயிற்சி எடுத்தது. வந்த 61 பேரில் ஒருவருக்குத் தடிமன் போன்ற அறிகுறி. உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக மொத்தம் 53 பேருக்குத் தொற்று, இருவர் இறந்தனர். மூடிய இடம், நீண்ட நேரம், உரத்த குரல். ஒரு விஜய் படத்தின் முதல் வாரக் காட்சியில் இந்த மூன்றும் இருக்கும். தமிழக அரசு 2021 ஜனவரி 4 இல் தியேட்டர்களை முழு இருக்கைகளோடு திறக்க அனுமதித்து, மருத்துவர்களின் எதிர்ப்பும் மத்திய அரசின் ஆட்சேபமும் வந்தபின் ஜனவரி 8 இல் பாதியாகக் குறைத்ததும் இதனால்தான்.

கசூரினா கடற்கரையோ நெடுந்தீவுக் குதிரைகள் மேயும் வெளியோ அப்படியல்ல. காற்று வீசும் இடத்தில் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் நெடுந்தீவுக்கு உல்லாசமாகப் போகிறவர் அந்த வெளிக்கு வருமுன் எங்கே இருக்கிறார்? படகின் கீழ்த்தட்டில், முழங்கால் முட்ட, அலை தெறிக்காமல் மூடிய பக்கங்களுக்குள். எதிரில் கிளினிக் முடிந்து திரும்பும் அம்மா. கரையில் முகக்கவசம் போட்டுப் படம் எடுத்து, படகுக்குள் அதைக் கழற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தலைகீழாகச் செய்திருக்க வேண்டும்.

இதை ஆளாளின் ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. காய்ச்சலோடு படத்துக்கு வருகிறவர் பலவேளை டிக்கெற் காசை இழக்க விரும்பாதவர். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் தியேட்டருக்கும், வேறு நாளுக்கு மாற்றித் தரும் சுற்றுலாப் படகுக்கும் நோயாளிகள் குறைவாகவே வருவார்கள். நாட்கூலிக்காரர் பரிசோதனைக்குப் போகாததும் இதே கணக்குத்தான்.

அந்த வருடம் ஓகஸ்ட் இறுதியில் நாட்டில் ஒரே நாளில் 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மீண்டும் ஊரடங்கு. பெரியம்மாவுக்கு எதுவும் ஆகவில்லை. அது அதிர்ஷ்டம், என் கெட்டித்தனமல்ல. ஒரு நாள் தொலைபேசியில் கொப்பிக் கதையைச் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"சரியான நம்பரை எழுதியிருந்தா உன்னைக் கொண்டுபோய் அடைச்சிருப்பாங்கள் தம்பி," என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எண்டாலும் எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம். நான் முன் வீட்டு ஆச்சிக்குச் சாப்பாடு குடுத்துக்கொண்டெல்லே திரிஞ்சனான்."

முன் வீட்டு ஆச்சியை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.