குடும்பச் செலவுக் கணக்கெடுப்பும் பகுப்பாய்வு மென்பொருளும்

வீடு வீடாகச் சென்று திரட்டிய வரவு செலவு விவரங்களைக் கொண்டு வறுமை விகிதம், ஏற்றத்தாழ்வு, வேலைவாய்ப்பு, கல்வி, மருத்துவச் செலவு முதலியவற்றுக்கான அட்டவணைகளைத் தானாகவே கணக்கிட்டுத் தரும் மென்பொருள்கள் உள்ளன. உலக வங்கியின் ஆய்வுப் பிரிவில் மைக்கேல் லோக்‌ஷின், ஸுராப் ஸஜாயா முதலானோர் உருவாக்கிய அடெப்ட் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் ழான்-ஈவ் டுக்லோவும் அப்தெல்கரீம் அராரும் உருவாக்கிய டாட், டாஸ்ப் ஆகியவையும் ஆய்வாளர் புழக்கத்தில் உள்ளன. இந்தியாவில் இவை பெரும்பாலும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் தரவைக் கொண்டே இயங்குகின்றன. அந்தக் கணக்கெடுப்பு மரபின் முதன்மையான வேர்களுள் ஒன்று புனே வட்டாரத்தில், இன்றைய பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

தொடக்க வரலாறு

சிஞ்ச்வட்டுக்கு அருகே பவனா ஆற்றை ஒட்டிய பிம்பளே சௌதாகர் இன்று அடுக்குமாடிகள் நிறைந்த புறநகர். நூறு ஆண்டுகளுக்கு முன் அது ஒரு சிற்றூர். புனே வேளாண் கல்லூரியின் முதல்வராக இருந்த ஹெரால்டு மேன் அவ்வூரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். நிலம் எத்தனை துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன், விளைச்சலில் கைக்கு மிஞ்சுவது என்ன என்று குடும்பவாரியாகத் திரட்டி, தக்காணக் கிராமம் ஒன்றின் நிலமும் உழைப்பும் பற்றிய நூலாக 1917-இல் வெளியிட்டார். 1921-இல் ஜாதேகாவ் புத்ருக் என்ற ஊரைப் பற்றிய இரண்டாம் நூல் வந்தது.

மேனின் உண்மையான சாதனை அவர் செய்த வகைப்பாடு. குடும்பங்களை அவர் மூன்றாகப் பிரித்தார். நிலத்தை மட்டும் நம்பி நிமிர்ந்து நிற்பவை முதல் வகை. நில வருவாயோடு வெளிக் கூலியும் சேர்ந்தால் சமாளிப்பவை இரண்டாம் வகை. இரண்டும் சேர்ந்தும் பற்றாக்குறையிலேயே கிடப்பவை மூன்றாம் வகை. அவ்வூரார் பலர் அப்போதே கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். அந்தக் கூலியைத் தனியாக எடுத்துக் காட்டியதால்தான் நிலம் தரும் வாழ்வு எவ்வளவு மெலிந்தது என்பது வெளிப்பட்டது. ஒரு வருவாயைக் கழித்தால் யார் வறுமைக் கோட்டுக்குக் கீழே விழுவார் என்று இன்று மென்பொருள் போடும் கணக்கை, மேன் பேரேட்டிலேயே போட்டுவிட்டார். அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு உள்ளிட்ட தமிழகச் சிற்றூர்களை ஆராய்ந்து 1918-இல் நூல் வெளியிட்டார். ஊர்ச் சித்திரம் என்ற அளவில் அது செறிவானது. ஆனால் குடும்பங்களைத் தரம் பிரித்துக் காட்டுவதில் மேனே முந்தியவர்.

1930-இல் ராவ்பகதூர் காளேயின் நன்கொடையால் புனேயில் கோகலே அரசியல் பொருளாதார நிறுவனம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் டி. ஆர். காட்கில். வாய் என்ற வட்டத்தைப் பற்றிய ஆய்வும், 1945, 1952 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்த புனே நகரச் சமூகப் பொருளாதார ஆய்வும் அவர் காலத்து வேலைகள். 1956-இல் நகரின் மறு ஆய்வு வெளியானது. ஓர் ஊரை ஒருமுறை எண்ணி விட்டுவிடாமல், ஆண்டுகள் கழித்து மீண்டும் எண்ணும் பழக்கம் இங்கே ஊன்றியது.

பி. சி. மகாலனோபிஸ் முன்னின்று நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் சுற்று 1950 அக்டோபரில் தொடங்கியது. அச்சுற்றின் புனே படிவங்களை ஆராய்ந்து வி. எம். தண்டேகர் எழுதிய அறிக்கையை 1953-இல் கோகலே நிறுவனம் வெளியிட்டது. கல்கத்தாவில் இருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் துளை அட்டை எந்திரங்கள் இத்தகைய தரவை அட்டவணைப்படுத்தின. 1955-இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் கணினியும் அங்கு வந்து சேர்ந்தது. மகாலனோபிஸ் 1960-இல் வெளியிட்ட கூற்று வரைபட முறை, மக்களைச் செலவின்படி வரிசைப்படுத்திச் சம கூறுகளாக வெட்டி ஒப்பிடுவது. இன்றைய மென்பொருள்கள் வரையும் பத்தின்கூற்று அட்டவணை இதற்கு நெருங்கிய உறவு.

அரசுக்கு வெளியே இருந்த ஆய்வாளர் கைக்கு அப்போது தனிக் குடும்பத் தரவு கிடைக்கவில்லை. செலவு வகுப்புவாரியாக அச்சிட்ட அட்டவணைகள்தாம் கிடைத்தன. அவற்றை வைத்தே தண்டேகரும் நீலகண்ட ரத்தும் 1971 ஜனவரியில் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் இந்திய வறுமை பற்றிய தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். நாளுக்கு 2,250 கலோரி என்ற அளவிலிருந்து, 1960-61 விலையில் தலைக்கு மாதம் 15 ரூபாய் ஊரகத்துக்கும் 22.50 ரூபாய் நகரத்துக்கும் கோடாக நிறுத்தினார்கள். பின்னாளில் உலக வங்கியில் ஷாவ்ஹுவா சென், கௌரவ் தத், மார்ட்டின் ரவாலியன் ஆகியோர் உருவாக்கிய போவ்கால் நிரலும் இத்தகைய வகுப்பு அட்டவணையை வாங்கி, அதற்கு லோரன்ஸ் வளைகோட்டைப் பொருத்தி வறுமையைக் கணித்தது.

செயல்படும் விதம்

அடெப்டில் பயனர் நிரல் எழுத வேண்டியதில்லை. தரவுக் கோப்பைக் கொடுத்து, எது குடும்ப எண், எது செலவு, எது பெருக்கெண், எது வறுமைக் கோடு என்று மாறிகளைக் காட்டினால் போதும். வேண்டிய அட்டவணைகளைத் தேர்ந்தவுடன் அவை எக்செல் ஏடாக வரும். ஐயத்துக்குரிய மதிப்புகள் இருந்தால் எச்சரிக்கையும் வரும். நிரல் எழுதத் தெரியாத மாவட்ட அதிகாரிக்கும் சிறு கல்லூரி ஆசிரியருக்கும் இது பெரிய வரம். ஒரே தரவை இருவர் தனித்தனியே இட்டாலும் ஒரே விடை கிடைப்பது அதைவிடப் பெரிய நன்மை.

சிஞ்ச்வட்டில் நால்வர் கொண்ட ஒரு தொழிலாளி குடும்பம் 2011-12 சுற்றில் மாதிரிக்குள் வந்தது என்று கொள்வோம். 10 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரம் தனி அடுக்காக எடுக்கப்படும். 2011-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் மக்கள்தொகை 17.27 லட்சம். ரேஷன் அரிசி வாங்கினால் குறியீடு 101, கடை அரிசி 102, பாக்ரி ரொட்டிக்கான சோளம் 115. ஒவ்வொரு பொருளும் அளவோடும் மதிப்போடும் கோப்பில் ஒரு வரியாக அமரும். மென்பொருள் அவ்வரிகளைக் கூட்டி நால்வருக்கு வகுத்துத் தலா மாதச் செலவைப் பெறும். அது டெண்டுல்கர் குழு வகுத்த முறைப்படி மகாராஷ்டிர நகர்ப்புறத்துக்கு அமைந்த வறுமைக் கோடான 1,126 ரூபாய்க்குக் கீழே போனால் அந்நால்வரும் ஏழைகள். தமிழக நகர்ப்புறக் கோடு அப்போது 937 ரூபாய்.

பிழை நுழையும் இடம் பெருக்கெண். மாதிரியில் வந்த ஒரு குடும்பம் தன்னைப் போன்ற எத்தனை குடும்பங்களுக்காகப் பேசுகிறது என்பதே அந்த எண். கோப்பில் அது நூறு மடங்காகப் பதியப்பட்டிருக்கும். துணை மாதிரிகளைக் குறிக்கும் இரு கட்டங்களும் ஒத்திருந்தால் 100-ஆலும், இல்லையேல் 200-ஆலும் வகுக்க வேண்டும். பிறகு குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால், ஏழைக் குடும்பங்கள் பெரியவையாக இருப்பதால், வறுமை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். தவறான மாறியைக் காட்டினாலும் அடெப்ட் அழகான அட்டவணையைத்தான் தரும். ஆகவே கோப்பின் அமைப்புக் குறிப்பை வரிவரியாகப் படிக்காதவர் இம்மென்பொருளைத் தொடக்கூடாது.

செலவைப் பெரியவர், குழந்தை என்று பாராமல் தலைக்குச் சமமாக வகுப்பதே இந்திய நிலைமைக்கு ஏற்றது. எத்தனை நாள் செலவை நினைவுகூரச் சொல்வது என்பதிலும் நீண்ட வழக்கு இருந்தது. 1999-2000 சுற்றில் உணவுக்கு 7 நாள், 30 நாள் என இரண்டையும் அருகருகே கேட்டதால் ஒரு விடை மற்றதை இழுத்தது. 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாக இறங்கியதாக அப்போது திட்டக்குழு அறிவித்ததை அதற்கு முந்தைய சுற்றுகளோடு நேராக ஒப்பிட முடியாது. காய்கறி, மீன், எண்ணெய் போன்றவற்றுக்கு 7 நாள், துணிமணிக்கும் கல்விக்கும் ஓர் ஆண்டு, மற்றவற்றுக்கு 30 நாள் என்ற கலப்பு முறையே நம்பத்தக்கது.

இன்றைய நிலை

2017-18 நுகர்வுச் சுற்றின் முடிவுகளை அரசு வெளியிடவில்லை. 2022-23 சுற்றில் 2,61,746 குடும்பங்களிடம் டேப்லெட் கருவி வழியாக, ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று விவரம் பெறப்பட்டது. தனிக் குடும்பத் தரவை இப்போது புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவுசெய்து கட்டணமின்றிப் பெறலாம். ஆய்வாளர் பலர் ஸ்டேட்டா, ஆர் ஆகிய மென்பொருள்களில் தாங்களே நிரல் எழுதிப் பகுக்கின்றனர்.