மொச்சையும் பாஸ்தாவும்

இத்தாலியரின் பீன்ஸ்-பாஸ்தா சூப் பெங்களூருக்குப் புதுசு என்கிறார்கள். இத்தாலியரே புதுசில்லை. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலிய வீரர்களை பிரிட்டிஷார் 1941 முதல் இவ்வூர் முகாம்களில் அடைத்தார்கள். ஜாலஹள்ளியில் அவர்கள் கட்டிய கட்டடங்கள் உண்டு. அந்த சூப்பின் பீன்ஸும் 1492-க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து இத்தாலி போனதுதான். அதற்கு முன் அங்கே வெந்தது நம் காராமணி. ஆகவே நான் மொச்சை போடுவதில் கூச்சப்படுவதில்லை. மார்கழியில் அல்சூர் சந்தைக்கு வந்ததும் வாங்கி, ஊறவைத்து, தோல் பிதுக்கி, பூண்டு, தக்காளியோடு குழைய வேகவிடுவேன். பாதியை மசித்தால்தான் சாறு கெட்டிப்படும். பாஸ்தா கடைசியில், முந்திப் போட்டால் களிதான். சீஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை. ராஜ்மா மட்டும் வேண்டாம், மொச்சையின் மணம் அதற்கு வராது.