பட்டமும் பாட்டும்: தமிழகப் பல்கலைக் கழகங்களில் இசைக் கல்வி புகுந்த வரலாறு

பட்டம் என்னுஞ் சொல் இசைவாணரிடையே நெடுங்காலமாக வழங்கி வருவது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் பொருள் தலைகீழாக மாறிற்று. அம்மாற்றத்தை ஒருவாறு ஆராய்வதே ஈண்டு எம் நோக்கம்.

பழைய முறை யாதென அறியச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஒன்றே போதும். மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் மன்னன் அவையில் அரங்கேறினாள். அதன் பின்னரே தலைக்கோற் பெயரும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள். அவள் ஆடல் மகளேயாயினும், இசையாசிரியன், யாழாசிரியன், குழலோன், தண்ணுமையோன் ஆகியோர் இலக்கணங்கள் அங்கே விரிவாகக் கூறப்படுதலின், இசைக் கல்வி வரலாற்றுக்கும் அக்காதை சான்றாகும். அரங்கம் முன்னது, பட்டம் பின்னது என்பதே அவ்வொழுங்கு. பிற்காலத்து அரசவைகளும் மடங்களும் வித்துவான்களுக்கு விருது வழங்கியதும் இம்முறை பற்றியே. பல்கலைக் கழகமோ பட்டத்தை முன்னர் அளித்து, அரங்கத்தைப் பின்னர்த் தேடிக்கொள்ளுமாறு மாணவனை விடுத்தது. இவ்வேறுபாட்டினின்றே ஏனைச் சிக்கல்கள் யாவும் கிளைத்தன என்பது எம் கருத்து.

1927ஆம் ஆண்டு திசம்பரில், காங்கிரசு மாநாட்டை ஒட்டிச் சென்னையில் அனைத்திந்திய இசை மாநாடு கூடிற்று. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. இசையைப் பொதுக் கல்வி நிலையங்களிற் பயிற்றல் வேண்டும் என்னும் எண்ணமும் அக்காலத்தே வலுப்பெற்றது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1932இல் இந்திய இசைத்துறை அமைந்தது. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்தபின், சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் நிறுவிய இசைக் கல்லூரியும் அதனோடு இணைந்தது. 1914இல் தொடங்கப்பெற்ற மகளிர் கல்லூரியாகிய இராணி மேரிக் கல்லூரியில் இசை ஒரு பாடமாயிற்று. அங்கே ஆசிரியராய் இருந்தவர் பி. சாம்பமூர்த்தி.

இந்நிலையங்கள் அளித்தவை ஒரு தன்மையன அல்ல. அண்ணாமலையில் வழங்கிய 'சங்கீத பூஷணம்' பாட்டையே முதலாகக் கொண்டது. பி.ஏ. என்னும் இளங்கலைப் பட்டமோ, ஆங்கிலமும் மற்றொரு மொழியும் கற்பாருக்கு இசையையும் சிறப்புப் பாடமாக வைத்தது. முன்னது பாடகனை நோக்கிற்று. பின்னது கற்றறிந்தாரை நோக்கிற்று. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டு, கல்லூரிகள் பாடகரை உருவாக்கவில்லை எனக் குறை கூறுவார் உளர். அவர்தம் கூற்று முழுதும் பொருந்தாது.

ஈண்டு ஒன்று நினைவு கூரத்தக்கது. இப்புதுக் கல்விக்கு முதலில் ஆசிரியராய் வந்தவருட் பலர் பட்டதாரியர் அல்லர். சிதம்பரத்தில் தலைமை தாங்கிய சபேச ஐயர், மகா வைத்தியநாத ஐயரின் மாணவர். டைகர் வரதாச்சாரியார், பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் பயின்றவர். பொன்னையா பிள்ளை, தஞ்சை நால்வர் மரபில் வந்தவர். குருகுலத்தின் விளைவாகியோர் குருகுலம் அல்லாத ஓர் இடத்தில் அமர்ந்து பாடஞ் சொன்னார்கள். முதல் தலைமுறை மாணவர் சிறந்து விளங்கியதற்குப் பாடத்திட்டத்தினும் இதுவே பெருங் காரணம் என்பேம். பின்னாளில் ஆசிரியப் பணிக்கே பட்டம் பொதுத் தகுதியாயிற்று. கலைஞர்க்கெனத் தனி வழி ஒன்று விதிகளில் விடப்பட்டிருப்பினும், அது வாயில் அன்று, சாளரமே.

வகுப்பறையின் இடர்ப்பாடுகளில் தலையாயது சுருதி. ஆண் குரல் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிற்கும். பெண் குரல் ஐந்து கட்டையை ஒட்டி நிற்கும். குருவின் திண்ணையில் மாணவன் ஒருவனுக்கேற்பத் தம்புராவைக் கூட்டலாம். பலர் ஒருங்கமர்ந்த வகுப்பிலோ ஒரு சுருதியே ஒலிக்கும்; அதற்கு அடங்காத குரல் மேலெட்டாமல் வருந்தும், அல்லது கீழே தேய்ந்து மறையும். மகளிர் கல்லூரியில் மட்டும் இவ்விடர் ஓரளவு குறைந்தது. எவரும் எண்ணிச் செய்த ஏற்பாடன்று அது. தற்செயலாய் வாய்த்த நன்மையே.

அடுத்தது தேர்வு. எழுபத்திரண்டு மேளம், முப்பத்தைந்து தாளம், இருபத்திரண்டு சுருதி, இராக இலக்கணம் ஆகியவற்றை வினாத்தாளில் கேட்டு மதிப்பெண் இடுதல் எளிது. ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகிய மனோதர்மப் பகுதிகளை அவ்வாறு அளக்க இயலாது; தேர்வாளர் முன் ஒருவன் பாடும் சிறு பொழுதில், அன்று அவன் தொண்டை இருந்த நிலையே பெரிதும் புலப்படும். ஆகவே அளத்தற்கு எளியது பாடத்திட்டத்தில் வளர்ந்தது. அளத்தற்கு அரியது சுருங்கிற்று. இது எவர் தீங்கும் அன்று. ஆயினும் அகார சாதகத்திற்குச் செல்லவேண்டிய விடியற்காலம் குறிப்பேட்டிற்குச் சென்றது உண்மை. சுரக்குறிப்பு நூல்களும் இவ்வாறே. 1904இல் சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகள் அமைத்தார். செவியாற் கேளாதவனுக்கு அவையும் வாய் திறப்பதில்லை.

இழப்பை மட்டும் கூறி அமைதல் நடுநிலை ஆகாது. குருவின் இல்லத்தில் ஆண்டுக்கணக்காகத் தங்கி, ஏவல் செய்து கற்கும் முறை, குடும்பப் பெண்களுக்குப் பெரிதும் அடைபட்டிருந்தது. இசைக் குடியிற் பிறவாத ஏழை மாணவனுக்கும் நல்லாசிரியர் திண்ணை எளிதிற் கிட்டவில்லை. விண்ணப்பத் தாள் ஒன்றால் அக்கதவைத் திறந்தது கல்லூரியே. இதனைக் குருகுலத்தைப் போற்றுவார் பலர் கூறாது விடுகின்றனர்.

பாடத்திட்டத்தின் மொழி பற்றியும் பூசல் எழுந்தது. கற்பிக்கப்பட்ட கிருதிகளுட் பெரும்பாலன தெலுங்கும் வடமொழியுமாய் இருந்தன. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது; அண்ணாமலைப் பல்கலைக் கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. 1949இல் சென்னையில் அரசினர் இசைக் கல்லூரி முசிறி சுப்பிரமணிய ஐயர் தலைமையில் அமைந்தது. யாழ்ப்பாணத்தில் 1960இல் இராமநாதன் இசைக் கல்லூரி எழுந்தது. பின்னர் அது அங்குள்ள பல்கலைக் கழகத்தோடு சேர்ந்தது. தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைக்குமெனத் தனிப் பல்கலைக் கழகம் 2013இல் சட்டத்தால் நிறுவப்பெற்றது.

கல்லூரியும் குருகுலமும் பகையாகவே நின்றன என்று கொள்ளுதற்கும் சான்றில்லை. சீர்காழி கோவிந்தராசன் தமிழிசைக் கல்லூரியில் இசைமணிப் பட்டம் பெற்றவர். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் அணுக்க மாணவராகவும் பயின்றவர். சிதம்பரத்தில் சங்கீத பூஷணம் பெற்ற எசு. இராமநாதன், கச்சேரி மேடையிலும் அமர்ந்தார், ஆசிரியராகவும் பணியாற்றினார். பின்னர் அமெரிக்க நாட்டு வெசுலியன் பல்கலைக் கழகத்தில் ஆய்வுப் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் சிலப்பதிகாரத்து இசை.