மரத்தைத் தேடிப் போன மில்

மரத்தைக் குறுக்கே துண்டு போடுவது சுலபம். அதையே நீளவாக்கில் அறுத்துப் பலகையாக்குவதுதான் பெரும்பாடு. இயந்திரங்கள் வராத காட்டுப்பகுதிகளில் குழி தோண்டி, அதன் மேல் மரத்தடியைக் கிடத்தி, இரண்டு பேர் நீண்ட ரம்பத்தை இழுப்பார்கள். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து ரம்பத்தை நடத்துவார். குழிக்குள் இருப்பவர் கண்ணிலும் வாயிலும் தூளை வாங்கிக் கொள்வார்! மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் பலகை அறுத்தார்கள்.

பிறகு மர மில்கள் வந்தன. ஆனால் மில் இருக்கும் இடத்துக்கு மரம் போயாக வேண்டும். அதற்குச் சாலை வேண்டும், லாரி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியது செயின்சா.

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926ல் செய்த மின்சாரச் சங்கிலி ரம்பத்தின் எடை 64 கிலோ. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர், 1946ல் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாக மரத்தைக் கடித்துக்கொண்டு போவதைக் கவனித்தார். அதைப் பார்த்து அவர் உருவாக்கிய பல் அமைப்புதான் இன்றைய சங்கிலிகளுக்கு அடிப்படை. (பள்ளிப் பாடத்தில் நியூட்டனின் ஆப்பிளுக்குக் கிடைத்த இடம் இந்தப் புழுவுக்கு ஏனோ கிடைக்கவில்லை.)

இவை எல்லாம் குறுக்கே வெட்டச் செய்தவை. நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால் பல்லின் சாய்வைச் சுமார் 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் குறைத்துத் தீட்ட வேண்டும். பலகையின் தடிமன் மாறாமல் இருக்க ரம்பத்தின் மீது பொருத்தும் இரும்புச் சட்டமும் உண்டு. 'அலாஸ்கன் மில்' என்பது அதில் பிரபலமானது. கானாவில் பெரும்பாலானோர் அந்தச் சட்டம் கூட இல்லாமல், கோடு போட்டு, கண் பார்வையிலேயே அறுத்தார்கள்.

இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. சங்கிலி போகும் வழி ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலம். பேண்ட்சா என்னும் நாடா ரம்பத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் போதும். ஒரு அங்குலப் பலகைகள் மூன்று அறுத்தால், நாலாவது பலகைக்கான மரம் தூளாகக் கீழே கிடக்கும். காடு வேகமாகக் குறைந்து வந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல. அரசுக்குச் சேர வேண்டிய கட்டணமும் வந்து சேரவில்லை. கானா அரசு 1998ல், செயின்சாவால் விற்பனைக்குப் பலகை அறுப்பதையும் அந்தப் பலகையை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்தது.

தடைக்குப் பிறகும் உள்நாட்டுச் சந்தையில் விற்ற பலகையில் பெரும்பகுதி செயின்சா பலகைதான்! குமாசி நகரத் தச்சர்கள் அதை வைத்தே கட்டிலும் கதவும் செய்தார்கள். காரணம், பெரிய மில்களின் நல்ல மரம் ஏற்றுமதிக்குப் போனது. உள்ளூருக்கு மிஞ்சியது குறைவு, விலையோ அதிகம்.

இன்னொரு காரணம் விவசாயி. கானாவின் 1962ம் ஆண்டுச் சட்டப்படி, இயற்கையாக முளைத்த மரம் அவர் நிலத்திலேயே நின்றாலும் அவருக்குச் சொந்தமில்லை. உரிமம் பெற்ற கம்பெனி வந்து வெட்டினால் கோகோச் செடிகள் நசுங்கும், கிடைக்கும் நஷ்ட ஈடு சொற்பம். செயின்சாக்காரரோ கையில் பணமோ, வீட்டுக்குக் கொஞ்சம் பலகையோ தருவார். அவரை விவசாயி ஏன் காட்டிக்கொடுக்கப் போகிறார்? சட்டம் போட்டவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறிவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

தென் அமெரிக்காவின் கயானா வேறு வழியில் போனது. அங்கே அனுமதி பெற்றுச் செயின்சாவால் அறுப்பது சட்டப்படியான தொழில். 2007ல் தொடங்கிய ஒரு சர்வதேசத் திட்டம் இந்த இரண்டு நாடுகளையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. 2009ல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் கானா செய்த மர ஒப்பந்தத்தில் உள்நாட்டுச் சந்தையும் இடம்பெற்றது. செயின்சாக்காரர்களைச் சங்கமாக்கி, எடுத்துச் செல்லக்கூடிய சிறிய நாடா ரம்ப மில்லுக்கு மாற்றும் முயற்சியும் நடந்தது. அந்த மில்லின் விலை செயின்சாவைப் போலப் பல மடங்கு. அதைக் காட்டுக்குள் கொண்டுபோக வண்டி வேண்டும். செயின்சாவை ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விடுவார்.