முற்றுப்பெறாக் கட்டடமும் குடிபுகலும்: அஜக்ஸ் நகரின் நிலக்கீழ் வீடுகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் அமைந்துள்ள அஜக்ஸ், கனடாவில் தமிழர் செறிந்து வாழும் ஊர்களுள் ஒன்று. அங்குள்ள தமிழர் வாழ்வு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கோயில், சங்கம், வணிகம், தேர்தல் என்பவற்றையே சூழ்ந்து நிற்கின்றன. அவர்கள் எத்தகைய கூரையின் கீழ் உறங்கினர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் வீடு, மற்றொருவர் வீட்டின் நிலக்கீழ் தளமாகவே இருந்தது. பேச்சில் அது ‘பேஸ்மென்ற்’. சுவர் மறைக்கப்படாது, தளம் வெறுங் கொங்கிறீற்றாக, குழாய்களும் மரச்சட்டங்களும் தலைக்குமேல் தெரிய விடப்பட்ட அத்தளத்தை வீட்டு விற்பனையாளர் ‘முற்றுப்பெறாதது’ என்றே பட்டியலிடுவர். அம்முற்றுப்பெறாமை எவ்வாறு குடியிருப்பாயிற்று என்பதை, அஜக்ஸ் நகரின் முந்தைய வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகின்றது. பிறர் விட்டுச்சென்ற, நிலையற்றவையாகக் கருதப்பட்ட கட்டடங்களில் குடிபுகுந்தே அந்நகரம் உருவாயிற்று என்பதும், குடிபுகுந்தோர்க்கு முறையான ஏற்பு எப்போதும் காலந்தாழ்த்தியே கிடைத்தது என்பதும் இதன் கருத்து.

போர்க்காலத் தற்காலிகம்

1941-ஆம் ஆண்டுக்கு முன் அஜக்ஸ் என்றோர் ஊர் இல்லை. பிக்கறிங் ஊர்ப்பகுதியின் விளைநிலங்களுள் ஏறத்தாழ 3,000 ஏக்கரை அவ்வாண்டு அரசு கையகப்படுத்தியது. டிபென்ஸ் இண்டஸ்ரீஸ் லிமிற்றெட் என்னும் நிறுவனம் அங்கே எறிகணைகளுக்கு வெடிமருந்து நிரப்பும் ஆலையை நிறுவியது. 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கடற்பரப்பில் ஜெர்மானியப் போர்க்கப்பல் கிராவ் ஸ்பேயை எதிர்த்த மூன்று கப்பல்களுள் ஒன்றின் பெயரே ஊருக்கு இடப்பட்டது. நகரின் முதன்மை வீதியான ஹாவூட் அவனியூ அப்போரை வழிநடத்திய தளபதியின் பெயரைத் தாங்குகின்றது. உச்சக்கட்டத்தில் 9,000-க்கும் மேற்பட்டோர் ஆலையில் பணிபுரிந்தனர்; போர் முடிவதற்குள் 4 கோடி எறிகணைகள் நிரப்பப்பட்டன. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த பெண் தொழிலாளருக்கு விடுதிகளும், குடும்பங்களுக்குச் சிறு மரவீடுகளும் எழுந்தன.

இம்மரவீடுகளே நம் கவனத்துக்குரியவை. 1941-இல் தொடங்கப்பட்ட ‘வார்ரைம் ஹவுசிங்’ என்னும் அரச நிறுவனம் கனடா எங்கும் இத்தகைய வீடுகளைக் கட்டியது. வீட்டுச் சந்தையில் அரசு நிலையாகக் கால்பதிக்கலாகாது என்னும் எதிர்ப்பு வலுவாயிருந்தமையால், போர் முடிந்ததும் கழற்றி அகற்றத்தக்கனவாகவே அவை திட்டமிடப்பட்டன. ஆழமான அத்திவாரம் இல்லை. நிலக்கீழ் தளமும் இல்லை. தூண்கள்மீது நிறுத்தப்பட்ட பலகைச் சுவர்களே வீடு. ஒன்ராறியோவின் குளிர்காலத்தை அறிந்த எவரும் இதன் பொருளை உணர்வர்: அங்கே நிலம் ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழம்வரை உறையக்கூடும். அவ்வாழத்துக்கு மேல் நிற்கும் கட்டடத்தை உறைபனி தூக்கிச் சாய்த்துவிடும்.

ஆயினும் அவை அகற்றப்படவில்லை. 1946-இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகம், போரிலிருந்து திரும்பிப் பொறியியல் பயில வந்தோர்க்கு இடம்போதாமையால், வெறுமையான ஆலைக் கட்டடங்களை வகுப்பறைகளாகவும் ஆய்வுக்கூடங்களாகவும், தொழிலாளர் விடுதிகளை மாணவர் விடுதிகளாகவும் மாற்றியது. 1949-இல் மாணவர் வெளியேறினர். மரவீடுகளில் இருந்தோர் வெளியேறவில்லை. வீட்டுப் பற்றாக்குறையின் முன் ‘தற்காலிகம்’ என்னும் சொல் வலுவிழந்தது. மத்திய வீடமைப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் வந்த இத்தகைய வீடுகள் காலப்போக்கில் குடியிருந்தோர்க்கே விற்கப்பட்டன. பல வீடுகள் உயர்த்தப்பட்டு, அடியில் மண் தோண்டி அத்திவாரச் சுவர் எழுப்பப்பட்டது. வீட்டுக்குப் பின் நிலக்கீழ் தளம் வந்த விந்தை இது. அஜக்ஸ் நகரத் தகுதி பெற்றது 1955-இல். மக்கள் குடியேறிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின்.

ஓர் ஒப்பீடு

முற்றுப்பெறாக் கட்டடம் யாவும் இவ்வாறு குடிகளைப் பெறுவதில்லை. ரொறன்ரோவின் நிதிமையத்தில், பே வீதியும் அடிலெயிட் வீதியும் சந்திக்குமிடத்தில் தொடங்கிய அலுவலகக் கோபுரம் 1990-களின் தொடக்கத்தில் நிலச்சந்தை வீழ்ந்தபோது நின்றுபோயிற்று. ஆறு மாடி உயரக் கொங்கிறீற்றுக் கட்டை ஒன்று ஆண்டுக்கணக்காக அங்கே நின்றது. நகரத்தார் அதனை ‘அடிக்கட்டை’ என்றே அழைத்தனர். 51 மாடிகள் கொண்ட புதிய கோபுரம் 2009-இல்தான் நிறைவெய்தியது. அங்கே முதல் காத்திருக்க முடிந்தது. குடும்பம் காத்திருக்க இயலாது. அக்கட்டை வெறுமையாக நின்ற அதே ஆண்டுகளில்தான் ஈழத்துப் போரினின்று தப்பியோர் ஸ்காபரோவில் நிலக்கீழ் தளங்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தனர்.

நிலத்தின் கீழ் ஒரு வீடு

உறைபனி ஆழத்துக்குக் கீழே அத்திவாரம் செல்லவேண்டியிருப்பதால், மேலும் ஒரு மீற்றர் தோண்டினால் ஒரு முழுத்தளம் கிடைத்துவிடுகின்றது. கட்டுநர் அதனைக் கொதிகலனுக்கும் பண்டங்களுக்குமென வெறுமையாக விடுவர். 1974-இல் எல்லை விரிந்து, பின்னர் புறநகர்க் குடியிருப்புகள் பெருகிய அஜக்ஸில் இத்தகைய தளங்கள் ஆயிரக்கணக்கில் உருவாயின. 2001-இல் 73,753 ஆக இருந்த மக்கள்தொகை 2021-இல் 126,666 ஆயிற்று. ஸ்காபரோவிலிருந்து கிழக்கு நோக்கி வீடு வாங்கி நகர்ந்த தமிழர் இவ்வளர்ச்சியில் கணிசமான பங்கினர். முன்பு கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தவர் இப்போது மேல்தளத்து உரிமையாளர். கீழ்த்தள வாடகை அவரது வீட்டுக்கடனில் ஒரு பங்கைச் சுமந்தது.

சட்டமோ இருபது ஆண்டுகள் தடுமாறியது. 1994-இல் ஒன்ராறியோவின் அன்றைய அரசு, வீட்டினுள் இரண்டாம் குடியிருப்பு அமைப்பதை உரிமையாக்கியது. ஆட்சி மாறியபின் 1996-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டு, அனுமதிப்பதும் மறுப்பதும் உள்ளூராட்சிகளிடமே விடப்பட்டன. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம் குடியிருப்பை உள்ளூராட்சிகள் ஏற்கவேண்டுமென்றது. 2022-இல் ஒரே மனையில் மூன்று குடியிருப்புகள்வரை இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 1995 நவம்பருக்கு முன்னரே இருந்ததென நிறுவமுடிந்த கீழ்த்தளம் ஏற்புடையது. அடுத்த தெருவில் ஓராண்டு பின்னர் அமைக்கப்பட்டது மறைவானது. மறைவான வீட்டில் வாழ்ந்தவருக்கும் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது. அதனை அறிந்தோர் மிகச் சிலர். அறிந்தும் முறையிடத் துணிந்தோர் அவரினும் சிலர். முறையீடு வீட்டையே மூடச்செய்துவிடலாம் என்னும் அச்சம் அவர்களைத் தடுத்தது.

விதிகளைக் கடுமையெனக் குறைகூறுவோர் உளர். அவற்றின் காரணம் எளிது. கீழ்த்தளத்தில் தீப்பிடித்தால் புகை படிக்கட்டை அடைத்துவிடும். எனவேதான் தப்பிச்செல்லும் யன்னலின் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையலாகாது, எப்பக்கமும் 380 மில்லிமீற்றருக்குச் சிறுக்கலாகாது என ஒன்ராறியோவின் கட்டட விதிக்கோவை கூறுகின்றது. இரு குடியிருப்புகளுக்கும் இடையே தீத்தடுப்புப் பிரிப்பும், ஒன்று ஒலித்தால் மற்றதும் ஒலிக்கும் புகை எச்சரிப்பிகளும் வேண்டும். பழைய வீடுகளில் 1.95 மீற்றர் கூரையுயரம் ஏற்கப்படுகின்றது; அதுவும் இல்லையெனில் அத்திவாரத்தின் கீழே சிறுசிறு பகுதியாகத் தோண்டிக் கொங்கிறீற்று நிரப்பித் தளத்தைத் தாழ்த்தவேண்டும். வெளியிலிருந்து தனி வாசல் அமைப்பது இன்னும் நுட்பமானது: படிக்கட்டுக்காக மண்ணை அகற்றியதும் அத்திவாரம் தன் போர்வையை இழந்து உறைபனிக்கு ஆட்படுகின்றது, ஆகவே அவ்விடத்தில் அதனையும் ஆழப்படுத்தியாக வேண்டும். எண்பது ஆண்டுகளுக்கு முன் தூண்கள்மீது நின்ற வீட்டை அச்சுறுத்திய அதே உறைபனிதான் இதுவும்.

முடிவதற்கு முன் குடிபுகுதல் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் நிலை வைத்துக் கூரை ஏறியதும் நாள் பார்த்துக் குடிபூருவதும், சுவர்ப்பூச்சும் மதிலும் பணம் வரவர வருவதும் வழமை. மேல்மாடிக்கென நீட்டிவிட்ட கம்பிகள் துருவேறி நிற்கும் வீடுகளை எவரும் கண்டிருப்பர். அங்கே முற்றுப்பெறாமை உரிமையாளரின் எதிர்கால நம்பிக்கை. இங்கே அது வாடகையாளரின் நிகழ்காலம். இவ்வேறுபாட்டைப் புலம்பெயர் வரலாறு எழுதுவோர் கவனிக்கவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

சான்றுகள் அழிந்துவருகின்றன. மரவீடுகளின் வரலாற்றுக்கு அரச ஆவணங்கள் உள. பொறியியல் மாணவர்க்குப் பல்கலைக்கழக ஏடுகள் உள. மறைவாய் இருந்த வீட்டுக்கு வரைபடமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. ஒருகாலத்தில் அஜக்ஸின் விடுதிகளில் மாணவரைக் குடியமர்த்திய அதே பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் இன்று தமிழ் இருக்கை உள்ளது. ரொறன்ரோவில் வெளிவந்த தமிழ் வார ஏடுகளின் விளம்பரப் பக்கங்கள், கையால் எழுதிய வாடகைப் பற்றுச்சீட்டுகள், பின்னாளில் நகராட்சிக்கு அனுமதி கோரி அளிக்கப்பட்ட வரைபடங்கள் ஆகியவற்றை அங்கே ஒருங்குசேர்க்கும் பணி உடன் தொடங்கப்படவேண்டும். தொடங்குவதற்கு விளம்பரப் பக்கங்களே எளியவை. வாடகைத் தொகை, பேருந்துத் தரிப்பிடத்தின் தூரம், குடும்பத்துக்கா தனியாளுக்கா என்னும் குறிப்பு, ‘தனி வாசல்’ உண்டா இல்லையா என்பன யாவும் அவற்றில் வாரந்தோறும், திகதியோடு பதிவாகியுள்ளன.