அளவு ஜாக்கெட்

புது ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது துணியோடு சேர்த்துத் தையற்கடையில் கொடுக்கும், உடம்புக்குச் சரியாகப் பொருந்திய பழைய ரவிக்கைதான் அளவு ஜாக்கெட். அளவு பிளவுஸ், அளவுச் சட்டை என்றும் சொல்வார்கள். தமிழ்நாடு முழுவதும் உள்ள இந்த வழக்கத்தை, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை சொல்கிறது. மேலை நாடுகளில் ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்தைய காகித வெட்டுகளை (துணி வெட்டுவதற்கான காகித மாதிரிகளை) தேடி வாங்கி அதே பாணியில் உடை தைப்பவர்கள் உண்டு. இங்கே அந்தக் காகிதத்தின் வேலையை பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் ஜாக்கெட் செய்துவருகிறது.

விழுப்புரம் பாகர்ஷா வீதியிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ துணி எடுத்தவர், பக்கத்துச் சந்தில் இருக்கும் டைலரிடம் போய் நின்றால் முதலில் வரும் கேள்வி, "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்பதுதான். கொண்டுவராதவருக்குத்தான் டேப் எடுப்பார்கள். கொடுத்த ஜாக்கெட்டைத் திருப்பி, கொக்கிகளை மாட்டி, மேசைமேல் சுருக்கமில்லாமல் விரித்து, உயரம், சோல்டர், மார்பு, இடுப்பு, கை நீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று வரிசையாக அளந்து நோட்டில் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். புதுத்துணியின் ஓரத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி ரசீதின் அடிக்கட்டையில் குத்தி வைப்பதும் உண்டு. எந்தத் துணி யாருடையது என்பதற்கு அதுதான் சாட்சி. "அண்ணா, எல்லாம் இதே அளவு, கை மட்டும் அரை இஞ்சு இறக்கிடுங்க" என்று வாடிக்கையாளர் சொல்லும் திருத்தம் அந்த வரிக்குக் கீழே ஏறும். அடுத்த முறை அந்தப் புது ஜாக்கெட்டே அளவு ஜாக்கெட் ஆகும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகத் திருத்தம் ஏறிக்கொண்டே போவதால், ஒருவருடைய அளவு ஜாக்கெட்டில் அவருக்குத் தைத்த பல ஜாக்கெட்டுகளின் பிழைதிருத்தம் அடங்கியிருக்கிறது.

முன்வரலாறு

வெட்டித் தைத்த உடை தமிழ்நாட்டுக்கு முற்றிலும் புதிது என்று சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஊர் ஊராக ஆய்வு நடத்திய பிரான்சிஸ் புக்கானன், இந்துக்களுக்கு ஊசியே தெரிந்திருக்கவில்லை என்ற கருத்தை எழுதிவைத்தார். சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர்ச் சீமையெல்லாம் சுற்றியவர்தான். ஆனால் சிலப்பதிகாரத்தை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அதன் இந்திர விழவூரெடுத்த காதையில் புகார் நகரத்துத் தொழிலாளர்களோடு துணி தைக்கும் துன்னகாரரும் வருகிறார்கள். முல்லைப்பாட்டில் யவன வீரர்கள் மெய்ப்பை (சட்டை) அணிந்து நிற்கிறார்கள். ஆனால் படைவீரர்கள் சட்டை போட்டார்கள் என்பதால் ஊர்மக்களும் போட்டார்கள் என்று ஆகாது. உடுத்தும் துணி தறியிலிருந்து இறங்கியபடியே உடம்பில் ஏறியது. ரவிக்கையே போடாத பாட்டிகள் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருந்தார்கள்.

திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள செஞ்சிக் கோட்டை, நாயக்கர்கள், பீஜப்பூர்ச் சுல்தான், மராத்தியர், முகலாயர், ஆற்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியது. மராத்தியர் அதைப் பிடித்தது 1677இல். இத்தனை படைகளுக்கும் தைத்த உடை வேண்டியிருந்தது. தையலைக் குலத்தொழிலாகக் கொண்ட மராத்தி பேசும் பாவசார், நாமதேவ சிம்பி குடும்பங்கள் தென்னிந்திய நகரங்கள் பலவற்றில் தங்கின. முஸ்லிம் தையற்காரர்களும் கடைவீதிகளில் நெடுங்காலமாக உண்டு. இவர்களுடைய வேலை பெரும்பாலும் ஆண்களின் உடையும் படை உடையும்தான். பெண்களின் ரவிக்கைக்குத் தையற்கடை வந்தது பிந்திய கதை.

ரவிக்கை எப்படி எல்லோருடைய உடையாகியது என்பதற்குத் தெற்கே நடந்ததைத் தொடாமல் இருக்க முடியாது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடத்திய தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீண்டு, 1859இல் அரசாணையில் முடிந்தது. மிஷனரிகளின் மனைவியர் அப்பெண்களுக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்த தளர்ந்த குப்பாயம் அந்தப் போராட்டத்தின் நடுவில் இருந்த உடை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களையொட்டித் தொடங்கிவைத்த லேஸ் பின்னலை, அவருடைய மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடிக்குக் கொண்டுபோனார். ஒரு வங்காளப் பெண்ணையும் இங்கே சொல்ல வேண்டும். தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதாநந்தினி தேவி 1860களில் பம்பாயிலிருந்து திரும்பியபோது, சேலையோடு ரவிக்கையும் உள்பாவாடையும் அணியும் முறையைக் கல்கத்தா மேல்தட்டுக்குக் கொண்டுவந்தார்.

தென்னார்க்காட்டில் வேலை செய்தவை அமெரிக்க ஆற்காடு மிஷனும் (1853) டேனிஷ் மிஷனும். திண்டிவனத்தில் இன்றும் இருக்கும் வால்டர் ஸ்கடர் பள்ளி, ஆற்காடு மிஷனை நிறுவிய ஸ்கடர் குடும்பப் பெயரைத் தாங்கியது. சென்னை மாகாணத்துப் பெண்பள்ளிகளில் ஊசிவேலை ஒரு பாடம். புதுச்சேரிக்கு 1827இல் வந்த குளூனி சபைக் கன்னியர் பூத்தையலைக் கற்பித்தனர். அவர்களுடைய பூத்தையல் கூடம் புகழ்பெற்றது. 

காகிதம் வந்தும் ஒட்டாத கதை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தையற்காரர் எபினேசர் பட்டரிக், பல அளவுகளில் வெட்டிய காகித மாதிரிகளை 1863இல் விற்கத் தொடங்கினார். தையல் மெஷினும் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. மெஷினும் காகித வெட்டும் அங்கே கூடவே வளர்ந்தன. சிங்கர் மெஷின் இந்தியாவுக்கு 1870களில் வந்தது. காகித வெட்டு மட்டும் கூட வரவில்லை. வந்ததெல்லாம் ஆங்கிலேயர், ஆங்கிலோ-இந்தியர் வீடுகளுக்கு, கப்பலில் வந்த பெண்கள் பத்திரிகைகளின் மடிப்பில்.

இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். காகித வெட்டு, தன் உடையைத் தானே தைக்கும் இல்லத்தரசிக்காக உருவானது. இங்கே தைத்தவர் கடைவீதி டைலர். அவருக்கு 34, 36 என்று அச்சடித்த உருவம் தேவையில்லை. எதிரில் நிற்பவரின் அளவே போதும். தவிர, மேலை நாட்டுக் கவுனுக்குப் பல கஜம் துணி வேண்டும், வெட்டில் பிசகினால் பெருநஷ்டம். ரவிக்கைக்கு 80 சென்டிமீட்டர் பிட்டு போதும். கல்யாணத் தாம்பூலத்திலும் நவராத்திரிக் கொலுவிலும் வைத்துக் கொடுக்கிற ரவிக்கைத் துண்டுகளே ஒரு வீட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும்.

1930களின் நடுவில் கல்கத்தாவில் உஷா மெஷின் தயாரானபின் விலை கொஞ்சம் இறங்கியது. இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தியடிகள்கூட சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார்; 1924இல் ஜி. ராமச்சந்திரனோடு நடந்த உரையாடலில், மனிதன் கண்டுபிடித்த பயனுள்ள சில பொருள்களில் அது ஒன்று என்றார். பெண்ணின் கைவலியைக் கண்டு பிறந்த இயந்திரம் என்பது அவர் சொன்ன காரணம்.

கணக்கும் காக்கித்தாளும்

அளவு ஜாக்கெட்டுக்கு அடுத்து இருப்பது கணக்கு. மார்பு 36 அங்குலம் என்றால் கால் பங்கு 9. அதோடு தளர்வுக்குக் கொஞ்சம், உள்தையலுக்குக் கொஞ்சம். கை வளைவும் கழுத்து அகலமும் அதே மார்பளவின் ஆறில், எட்டில், பன்னிரண்டில் ஒரு பங்காகப் பிறக்கும். பம்பாய் ஜராப்கர் தையல் கல்லூரியின் வெட்டுமுறைப் புத்தகம் இந்தக் கணக்கை நாடெங்கும் பரப்பியது. நாட்டில் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது 1956இல். துணிக்கடை மீட்டருக்கு மாறிவிட்டது, தையற்கடை இன்றும் அங்குலத்தில்தான் பேசுகிறது.

நாலு டாட் (வளைவு வர மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) ஜாக்கெட்டில் முன்பக்கத் துண்டின் கீழ் ஓரத்தில் ஒரு டாட், கொக்கிப்பட்டி ஓரத்தில் ஒன்று, கை வளைவில் ஒன்று, பக்கத் தையலில் ஒன்று. நாலும் மார்பின் முனையை நோக்கி வந்து அதற்குச் சற்று முன்னே நிற்க வேண்டும்; முனைவரை இழுத்தால் கூம்பு விழும். நல்ல கைக்கும் சுமார் கைக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சிறு இடைவெளியில் இருக்கிறது. கட்டோரி, பிரின்சஸ் கட் என்பவையெல்லாம் இந்த டாட்டுகளை வெட்டுக்கோடாக மாற்றிப்போட்டவைதான். ஒரே அளவு மறுபடி மறுபடி வந்தால் கட்டிங் மாஸ்டர் அதைக் காக்கித்தாளில் வெட்டி, ஓரத்தில் எண் போட்டு, ஆணியில் மாட்டிவைப்பார். தென்னார்க்காட்டில் பழைய காகித வெட்டு என்று தேடினால் கிடைப்பது இதுதான்.

பழைய வெட்டுமுறை பிழைத்திருக்கும் இன்னொரு இடமும் உண்டு. அதை யாரும் கவனிப்பதில்லை. அரசு தொழில்நுட்பத் தேர்வில் தையல் பாடம் எடுப்பவர்கள் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு கட்டமாக எழுதுகிறார்கள். ஜப்லா, பிப், ரோம்பர், பாபா சூட், யோக் வைத்த ஃபிராக் என்று சிறு அளவில் வரைந்து, தாளில் வெட்டி, ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவார்கள். இந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குத் தைத்த உடைகள். கடைவீதியில் ரோம்பர் தைக்கச் சொல்லி இன்று யாரும் வருவதில்லை. ஆனால் பாடத்தில் அது நின்றுவிட்டது. நூறாண்டு பழைய வெட்டுமுறையை இப்படி மாணவிகள் தொடர்ந்து வரைந்து காப்பாற்றுவது, பாடத்திட்டத்தைத் திருத்தாமல் விட்டதால் கிடைத்த நன்மை.

கம்பளிப் பின்னல்

வெயில் கொளுத்தும் இந்த ஊர்களில் ஸ்வெட்டருக்கு வேலை மார்கழியில் சில விடியற்காலைகள்தான். ஆகவே இரட்டை ஊசிப் பின்னல் மிஷன் பள்ளிகளையும் ரயில்வே குடியிருப்புகளையும் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. பிறந்த குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும், மேசைக்கு குரோஷா விரிப்பும் என்ற அளவில் நின்றது. 1962 சீனப் போரின்போது எல்லையில் இருந்த ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்கள், அது விதிவிலக்கு. கண்ணி எண்ணிப் பின்னும் பழக்கம் இங்கே வேறொரு பொருளில் வேரூன்றியது: பிளாஸ்டிக் வயர்க் கூடை. நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண்ணும் பிஸ்கட் முடிச்சும் எழுத்தில் இல்லாமல் திண்ணைக்குத் திண்ணை கடந்தன.

பெண்கள் கைக்கு மாறிய தொழில்

எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு 1985இல் இலவசச் சீருடை வந்தது. சமூகநலத் துறையின் கீழ் உள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் அதைத் தைத்தன. 2012–13 முதல் ஆண்டுக்கு நான்கு ஜோடி. கைவிடப்பட்ட, கணவனை இழந்த பெண்களுக்கு சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் தருகிறார்கள். 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் சில ஆண்டுகளில் தென்னார்க்காட்டுக்கும் வந்து, சுய உதவிக் குழுக்களுக்கு வழி திறந்தது. மாவட்டம் 1993இல் இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானது. அதற்குள் ஆயத்த சட்டையும் பேன்டும் கடைகளை நிரப்பி, ஆண்களின் உடை தைத்த டைலர்களின் பிழைப்பை அரித்துவிட்டன. ரவிக்கையை மட்டும் ஆயத்த உடை வெல்லவில்லை. அக்குளிலிருந்து முதுகுவரை ஒட்டிக் கிடக்கிற உடை, அவரவர் அளவுக்குத் தைத்தால்தான் உட்காரும். இன்று கிராமத்துத் தெருக்களில் வீட்டு முகப்பில் மெஷின் போட்டுத் தைப்பவர்களில் பெண்களே அதிகம். தீபாவளிக்குப் பல நாள் முன்னதாகவே "ஆர்டர் எடுப்பதில்லை" என்று அட்டை தொங்கும்.

ஆரி வேலை (கொக்கி ஊசிப் பூத்தையல்) வந்தபின் கூலி துணி விலையைத் தாண்டிவிட்டது. இங்கேதான் காகிதம் கடைசியில் வந்து சேர்ந்தது. டிரேஸ் தாளில் பூவை வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் நீலப்பொடி குழைத்துப் பஞ்சால் தேய்த்தால் புள்ளிப் புள்ளியாகப் பூ இறங்கும். பூத்தையல் கூடங்களில் பழகிய முறைதான். அம்மாவின் கல்யாணப் பட்டு ரவிக்கையில் இருந்த பூவை இப்படிப் படியெடுத்துப் புதிதில் போடுகிறவர்கள் உண்டு.

பஃப் கை, முழங்கை வரை நீண்ட கை, போட் நெக், முதுகில் ஜன்னல் என்று ஒவ்வொரு காலத்துப் பாணியும் சில ஆண்டு மறைந்து மறுபடி வருகிறது. பாட்டியின் ரவிக்கையைப் பார்த்துத் தைத்துக்கொள்ள நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பழைய பருத்தி துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்கும். குறுக்குவெட்டுத் துண்டு மாறாக நீண்டுபோயிருக்கும். எனவே கழுத்து வளைவை அப்படியே நம்பக் கூடாது. முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து, நூலோட்டம் பார்த்துக் காக்கித்தாளில் வரைந்து, மறுபக்கத்தை இணைப்பு எப்படி என்று பார்க்க வைத்துக்கொள்ளலாம். உள்தையலில் எவ்வளவு துணி விட்டிருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; அந்தக் காலத்துத் தையற்காரர் ஒரு பிரசவத்துக்குப் பின்னும் பிரித்து விடலாம் என்று கணக்குப் போட்டு விட்ட துணி அது. தாளில் யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதிவையுங்கள். முதல் வெட்டைப் பட்டில் போடாதீர்கள். கிழிந்த வேட்டியில் வெட்டி, தைத்து, போட்டுப் பார்த்துவிட்டுப் பட்டுக்குப் போங்கள்.